இத்தாவில் தாய், வாட்டில் பிள்ளை

பிள்ளைகள் வாட்டில் கட்டிலுக்கு ஒரு நோயாளிதான், ஆனால் அந்த ஒருவருக்கு வைத்தியம் சொல்ல ஏழு பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் நேர்ஸாக இருந்தேன். எங்களிடம் ஏச்சு வாங்கிய தாய்மாரே, தாய்மாரிடம் ஏச்சு வாங்கிய சக மிஸ்ஸிமாரே, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். ஒரு பிள்ளையின் பாட்டை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

தாய் எங்கே?

நஸீறாவுக்கு எட்டு மாதம். நற்பிட்டிமுனையிலிருந்து வயிற்றோட்டத்தோடு கொண்டு வந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது, உச்சி குழி விழுந்திருந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம். பிள்ளையைத் தூக்கி வந்தவ மாமி, தகப்பனின் அக்கா.

சேலைன் ஏற்றினோம். உப்புச் சீனித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினோம். முலைப்பாலை மட்டும் நிறுத்தக் கூடாது, தாயைக் கூப்பிடுங்கள் என்றேன். மாமி நிலத்தைப் பார்த்தா. பிள்ளையின் வாப்பா போன மாதம்தான் வயல் காவலில் பாம்பு கடித்து மௌத்தாகியிருக்கிறார். தாய் இத்தாவில் இருக்கிறா. நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். நான் சிலுவை போட்ட வேதக்காரி என்றாலும் கல்முனையில் பிறந்தவள், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. மாமி பிள்ளையை அணைத்துக்கொண்டு சொன்னா:

"எங்கட தம்பிக்கு இனிச் செய்யக் கிடக்கிறது இந்த இத்தா ஒண்டுதான் மிஸ்ஸி."

நடுப்பகலில் வந்த வினை

அடுத்த நாள் காலையில் பிள்ளை தெளிந்தது. மூத்திரமும் போனது. எங்கள் வாட்டில் அதைவிட நல்ல செய்தி கிடையாது. மத்தியானம் திரும்பவும் தண்ணீராய்ப் போகத் தொடங்கியது. மறுநாளும் அப்படியே, காலையில் தேறும், நடுப்பகலில் சரியும். டொக்டர் மருந்தை மாற்றினார். நான் கரண்டியைக் கொதிக்க வைத்தேன், தண்ணீரை மாற்றினேன், கையைக் கழுவு, கையைக் கழுவு என்று மாமியைப் போட்டு அரித்தெடுத்தேன். பிள்ளையின் அழுகை சிறுத்துக்கொண்டே போனது. சத்தம் போட்டு அழுகிற பிள்ளைக்கு நான் பயப்படுவதில்லை. அழ மறந்த பிள்ளைக்குத்தான் பயப்படுவேன்.

துணி மாற்றப் போன அற்றென்டன் பிலோமினா அக்கா, கட்டிலுக்கு அடியில் இருந்த மாமியின் பையிலிருந்து எதையோ எடுத்து வந்தா. துவாயில் சுற்றிய ஒரு சோடாப் போத்தல், வாயில் றப்பர் சூப்பி மாட்டியிருந்தது. சூப்பியைக் கழற்றி என் மூக்கடியில் பிடித்தா.

"இது நம்மட மருந்தில்ல மிஸ்ஸி. பெத்தவள்ர பால், புளிச்சுப் போய்க் கிடக்கு."

ஒருவரும் கேட்காத கேள்வி

நான் சொன்ன சொல்லைத்தான் மாமி கேட்டிருக்கிறா. முலைப்பாலை நிறுத்தக் கூடாது என்றேன் அல்லவா? தாய் வீட்டில் பீய்ச்சிக் கொடுக்க, அதை ஒருவர் சைக்கிளில் வெயிலோடு கொண்டு வர, நாங்கள் சோறு தின்னப் போகும் நேரம் பார்த்து மாமி பருக்கியிருக்கிறா. இத்தாவும் முறியவில்லை, பாலும் நிற்கவில்லை. பிள்ளை சாகக் கிடந்ததைத் தவிர அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

அதை அப்படியே முகத்துக்கு நேரே சொன்னேன். இன்னொரு முறை இப்படிப் போனால் ஊசி ஏற்ற நரம்புகூடக் கிடைக்காது, இன்றைக்கே தாய் வர வேண்டும் என்றேன். மாமிக்கு முகம் செத்துப் போனது. ஆனாலும் ஏலாது என்றா. பிள்ளையின் உயிருக்காகக்கூட வெளியே போகக் கூடாது என்று பள்ளிவாசல் லெப்பை சொன்னாரா என்று கேட்டேன். மாமி உண்மையைச் சொன்னா:

"அவரிட்ட ஒருத்தரும் கேக்கல்ல மிஸ்ஸி. பக்கத்து ஊட்டாக்கள் என்ன கதைப்பாங்க எண்டுதான் பயம்."

துணி கட்டிய கார்

லெப்பையிடமே கேட்டு வாங்க என்றேன், மாமி ஓட்டமும் நடையுமாகப் போனா. பிள்ளை கரண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பியது. பிறகு திருப்பவும் இல்லை, ஊட்டிய தண்ணீர் வாயோரத்தால் வழிந்தது. சேலைன் ஏறிய கை வீங்கிவிட்டது. டொக்டர் காலில் நரம்பு தேடினார், தலையில் தேடினார். நான் மாதாவையும் கூப்பிட்டேன், அல்லாவையும் கூப்பிட்டேன்.

பின்னேரம், பள்ளியில் அஸர் பாங்கு சொல்லும் நேரம், கண்ணாடிகளுக்கு வெள்ளைத் துணி கட்டிய வாடகைக் கார் ஒன்று வாட்டு விறாந்தையோடு ஒட்டி வந்து நின்றது. மாமி கேட்ட உடனே லெப்பை போகச் சொல்லிவிட்டாராம். இத்தனை நாள் கேட்காமல் இருந்ததற்கு நல்ல ஏச்சும் கொடுத்தாராம். கட்டிலைச் சுற்றி ஸ்கிரீன் வைத்தோம். தாயின் கையைச் சோப்புப் போட்டு நானே கழுவிவிட்டேன். பிள்ளை தாயின் மார்பில் மூக்கை உரசியது, பிறகு வாய் வைத்தது. இழுத்துக் குடிக்கிற சத்தம் கேட்டதும் பிலோமினா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு மத்தியானங்கள் எங்களைப் பயமுறுத்தவில்லை. ஸ்கிரீனுக்கு வெளியே மாமி காவல். டொக்டர் ஸ்கிரீன் துணியைப் பார்த்துக் கேள்வி கேட்பார், மாமி உள்ளே கேட்டு வந்து பதில் சொல்லுவா. ஒருநாள் அவர், நீங்கள் இங்கே வந்திருப்பதால் ஊரில் ஏதும் கரைச்சல் வருமா என்று விசாரித்தார். மாமி வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து தாயின் குரலே வந்தது.

"மௌத்தானவருக்காக நான் ஊட்டுக்குள்ள இரிக்கத்தான் வேணும் டொக்டர். உசிரோட இரிக்கிறவளுக்கு என்னை உட்டா ஆரு இரிக்கா?"

பிள்ளைகளைச் சுகப்படுத்துகிறோம் என்று எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள், பாதி நாள் தாயைக் கட்டிலடிக்குக் கொண்டு வந்து சேர்ப்பதோடு எங்கள் வைத்தியம் முடிந்துவிடுகிறது.