ஈயம் என்ற சொல்

நான் பொய் சொன்னேன். தெரியாமல் அல்ல... நன்றாகத் தெரிந்தே சொன்னேன்!

என்னை உங்களுக்கு விஞ்ஞானி என்றுதான் அறிமுகம் செய்வார்கள். முதுமையில் வரும் அல்சைமர் என்னும் மறதி நோய்க்கும் நாம் புழங்கும் உலோகங்களுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தவன். எண்பதுகளின் நடுவில் கொரட்டூர் ஏரியை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஆண்பிள்ளை கேட்டால் அடுக்களைச் சங்கதியை யார் சொல்வார்கள்? அதனால் என் மனைவி ரெஜினாவும் உடன் வந்தாள். அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், நான் நாகர்கோவில்காரன்.

கேள்விகளை எழுதியவன் நான். "ஈயப் பாத்திரத்தில் சமைப்பதுண்டா?" என்பது அவற்றில் ஒன்று. நான் நினைத்தது காரீயத்தை. நரம்பைக் கெடுக்கும் நஞ்சை. மறதி கண்ட முதியவர்கள் இருந்த வீடுகளில் பெரும்பாலும் ஆமாம் என்றார்கள். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை! பாத்திரத்தில்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன்.

கட்டுரை தயார். அதை வாசிக்கவிருந்த விஞ்ஞானிகள் கூட்டத்துக்குச் சில நாட்களே இருந்தன. அப்போதுதான் ஒரு வீட்டம்மாள், "இதான் சார் எங்க ஊட்டு ஈயம்" என்று ஒரு குண்டானைக் கொண்டுவந்து வைத்தாள். அது அலுமினியம்!

திரும்பும் வழியில் ரெஜினா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஏங்க, எங்க பக்கத்துல அலுமினியத்தத்தான் ஈயம்னு சொல்லுவோம். நீங்களும் அதத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். மறுபடியும் எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்டுடலாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நடுத்தெரு என்றும் பாராமல் எரிந்து விழுந்தேன். உனக்கு என்ன தெரியும், வாயை மூடிக்கொண்டு வா என்றேன். அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. கட்டுரையை அப்படியே வாசித்தேன். கை தட்டினார்கள். தெருக்காரர்களிடமும் பாத்திரத்தை மாற்றச் சொன்னேன். பதவியும் உயர்ந்தது.

இதோடு நின்றிருந்தால் வெறும் மானப் பிரச்சினை... நிற்கவில்லையே!

அந்தத் தெருக்கோடியில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகைகள் இருந்தன. உண்மையான காரீயம் அங்கேதான் இருந்தது. கொட்டகைகளுக்குப் பின்னால் ஊர் குடிக்கும் கிணறு. அலுமினியக் குண்டான் வைத்திருந்த ஏழை வீடுகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் இருந்தன. கோளாறு பாத்திரத்தில் அல்ல, காரீயம் ஊறிய அந்தத் தண்ணீரில் இருக்கலாம் என்று எனக்கு உறைக்காமல் இருக்குமா? உறைத்தது. உறைத்தும் சும்மா இருந்தேன்.

கொட்டகைகளை மூடச் சொல்லிப் போராடிய ஒருவர், ஒரு நாள் ரயில் நிலையத்தில் என்னை வழிமறித்தார். "இன்னா சார், நீங்க சொன்னாப்ல பாத்திரத்த எல்லாம் மாத்திகினோம். கெணத்துத் தண்ணி குடிக்கலாம்ல? ஒண்ணியும் ஆவாதே?"

"ஒன்றும் ஆகாது" என்றேன்.

நாங்கள் குடியிருந்ததும் அந்தப் பக்கம்தான். கோடையில் குழாய் வறண்டால் ரெஜினாவும் அந்தக் கிணற்றிலிருந்துதான் குடத்தில் கொண்டுவருவாள். தடுத்திருக்கலாம். தடுத்தால் தெருவே ஏன் என்று கேட்குமே! ஒரு குப்பி நீரை ஆய்வகத்தில் சோதிக்க ஒரு பிற்பகல் போதும். அதையும் செய்யவில்லை. நான் மட்டும் ஆய்வகத்திலேயே தண்ணீர் குடித்துவிட்டு வீடு திரும்பத் தொடங்கினேன். தற்செயலாகவா? சீ... எழுதவே கை கூசுகிறது. வேண்டுமென்றேதான்.

தொண்ணூறுகளில் ரெஜினாவுக்கு மறதி வந்தது. முதலில் குழம்புக்கு இருமுறை உப்புப் போட்டாள். பிறகு மாதா கோயிலுக்கென்று கிளம்பி, சில நிறுத்தங்கள் தள்ளியிருக்கும் அண்ணனூர் ரயில் நிலையத்தில் போய் நின்றாள். பிறகு என்னை மறந்தாள்.

அந்தத் தண்ணீரால்தானா? தெரியாது! தெரிந்துகொள்ள இருந்த வழியை அடைத்தவனே நான். இன்று அங்கே கொட்டகையும் இல்லை, கிணறும் இல்லை. தூர்த்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லை. யாரோ விருந்தாளி என்று எண்ணி என்னிடம் மரியாதையாகக் காப்பி வேண்டுமா என்று கேட்பாள். எழுந்து போவாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அடுக்களையில் நிற்பாள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வியை, குண்டானை, நடுத்தெருவில் கத்தியதை, கிணற்றை... ஒன்று விடாமல். என் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா அப்பவே சொல்லியிருக்காங்களே சார். நீங்க கேட்டிருக்கலாம்" என்றாள்.

கேட்டிருக்கலாம் என்று தலையாட்டினேன்.

"இப்ப அவங்க எங்க இருக்காங்க?"

"இங்கேதான்... கொரட்டூரில்தான்" என்றேன்.

"பக்கத்துலதானே சார். ஒரு எட்டு போய்ப் பாத்து மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுங்க."

சரிம்மா என்றேன்.