ஹெக்ட் மீனின் வாயில் இன்னொரு முள்

ஏப்ரல் குளிரில் ஜன்னலைச் சாத்திவிட்டு மீன் குழம்பு வைத்தால், புளியும் மிளகாயும் கலந்த அந்த வாசனை நாள் கணக்கில் கம்பளிக் கோட்டை விட்டுப் போகாது...

எழுபதுகளின் தொடக்கம். பிராங்பேர்ட்டுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். லேபில் பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தேன். ஃபிராவ் வேபர் என்ற விதவை அம்மாளின் வீட்டில் ஒரு ரூம். அங்கே மிஸஸுக்கு ஃபிராவ், மிஸ்டருக்கு ஹெர், மிஸ்ஸுக்கு ஃப்ராய்லைன். சமையலறை இருவருக்கும் பொது.

அந்த அம்மாளுக்கு ஹெக்ட் மீன் பிடிப்பதென்றால் பைத்தியம். நம் ஊர் சீலா மீன் மாதிரி நீண்ட வாய், அது நிறையப் பல். முட்டையிடும் காலமென்று வசந்தத்தில் பிடிக்கத் தடை. மே பிறந்ததும் மீன்பிடி கிளப் ஆட்கள் எல்லாரும் ஊர் ஏரிக்கரையில் இருப்பார்கள்.

அந்த வருஷம் தடைக்காலத்திலேயே யாரோ திருட்டுத்தனமாகப் பிடிப்பதாகப் பேச்சு. கரையில் மீன் குடல் கிடந்ததாம். கிளப் சார்பில் ஏரியைக் காவல் பார்ப்பவர் ஹெர் கிரவுஸ். ஒரு மாலை வீட்டுக்கு வந்தவர், சமையலறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஃப்ராய்லைன் மாலதி, என்ன மீன் அது?"

"கடையில வாங்கினது. ஐஸ் பாக்கெட்."

"பாக்கெட் எங்கே?"

"குப்பை வண்டியில போயாச்சு."

அவர் ஃபிராவ் வேபரைப் பார்த்து, "பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நடையில் சாத்தி வைத்திருந்த தூண்டில் கம்புகளைக் காணோம். ஃபிராவ் வேபர் தன் அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். அதுதான் எனக்கு வலித்தது.

லேபில் எனக்கு சீனியரான நம்மூர் ஜோசப் அண்ணாவிடம் சொன்னேன். "இந்த ரூம் போச்சுன்னா இன்னொண்ணு லேசுல கிடைக்காதும்மா. கொஞ்ச நாளைக்கு முட்டையோட நிறுத்திக்கோ" என்றார். நிறுத்தினேன். அதுவும் வினையாயிற்று.

"ஏன் இப்பல்லாம் மீன் சமைக்கிறதில்ல?" ஃபிராவ் வேபர் கேட்ட தொனியே சரியில்லை.

அவர் மட்டும் என்ன? தினமும் சாயங்காலம் சொல்லாமல் வெளியே போவார். சேறு படிந்த பூட்ஸோடு திரும்புவார். ஒருவேளை இவர்தானோ... ஒருவர் தட்டை ஒருவர் பார்த்தபடி, ஒரே மேசையில் ரொட்டி தின்றோம்.

மே பிறந்த அன்று காலை கதவைத் தட்டினார். "கிளம்பு. எல்லார் கண்ணு முன்னாடியும் நீ என்கூட நிக்கணும்."

காப்பாற்றவா, காட்டிக்கொடுக்கவா? தெரியாமலேயே போனேன்.

கரையில் பனி. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நாணல் ஓரம் ஃபிராவ் வேபரின் கம்பு வளைந்தது. கைவலையோடு நான் தண்ணீரில் இறங்கினேன். கை நீளத்துக்கு ஒரு ஹெக்ட்!

தூண்டில் முள்ளைக் கழற்ற வாயைப் பிளந்தால், உள்ளே இன்னொரு முள். அறுந்த கம்பி. அதில் மீனை ஏமாற்றக் கட்டும் பித்தளைத் தகடு, மேலே சிவப்புப் புள்ளிகள். அப்படிப் புள்ளி வைத்துத் தகடு செய்பவர் கிளப்பில் ஒருவர்தான்... கிரவுஸ்.

"போன இலையுதிர் காலத்துல அறுந்து போனது" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

ஃபிராவ் வேபர் முள்ளைக் கட்டைவிரலால் தேய்த்தார். "குளிர்காலம் பூரா தண்ணிக்குள்ள இருந்திருக்கு. துளி துருகூட இல்லையே, கிரவுஸ்?"

கிரவுஸ் தகட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். அடுத்த வருஷம் ஏரிக் காவல் வேறொருவருக்குப் போயிற்று. அவ்வளவுதான். யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டில் மீனைக் கழுவியபடி, திரும்பிப் பார்க்காமல் ஃபிராவ் வேபர் சொன்னார். "சாயங்காலமெல்லாம் ஏரிக்குத்தான் போனேன். யார் திருடுறாங்கன்னு பாக்கப் புதருக்குப் பின்னால நிப்பேன். அது நீயா இருந்துடக் கூடாதேன்னு. கிரவுஸைக்கூடப் பாத்தேன்... காவல் பாக்குறார்னு நெனச்சேன்."

கோபப்படுவதா, அழுவதா? "நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கத்தி நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. பாதி மீனைக் குழம்பு வைத்தேன். முள்ளோடு போராடி இருவரும் தின்றோம்.

போன மே மாதம் அந்தப் பக்கம் போனேன். ஃபிராவ் வேபர் மறைந்து வருஷக்கணக்காகிறது. ஏரியைச் சுற்றி சைக்கிள் பாதை, காபிக் கடை. ஒரு இளம்பெண் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். வாளியைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஏதாவது வேணுமா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா பாக்குறேன்..."

அன்று எவ்வளவு சந்தேகம் இருந்தாலும், சாப்பாட்டுக்கு ஃபிராவ் வேபரும் நானும் ஒரே மேசைக்கு வந்துதான் ஆகவேண்டியிருந்தது. இவளோடு எனக்கு அப்படி ஒரு மேசை இல்லை. இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்... பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன்.