கூட வந்தவருக்கு ஒரு செம்பு

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டுக் கந்தம்மாளே சொன்னது. பொய் அவள் வாயில் வராது.

சண்டை முடிந்த மறு வருஷம், பங்குனி. வெண்ணந்தூருக்குத் தெற்கே, சோளக்காட்டு நடுவில் அவள் வீடு. பர்மாவுக்குச் சண்டைக்குப் போயிருந்த புருஷன் அருணகிரி, அன்று உச்சி வெயிலில் வரப்பு வழியே வந்தான். பின்னால் இன்னொருவர் வந்தார். மூக்குக்குக் கீழே துண்டு கட்டியிருந்தார். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தாள்.

வாசலுக்கு வந்தவர் பகையாளியே ஆனாலும் முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு. அது அந்தப் பக்கத்து வழக்கம். கந்தம்மாள் இரண்டு செம்பு கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டெதுக்கு?" என்றான் அருணகிரி.

"கூட வந்தவருக்குங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. அவள் எட்டிப் பார்த்தாள். சோளம் அறுத்த வெறுங்காடு. குருவி ஒளியவும் இடமில்லை. அங்கே யாரும் இல்லை...

"உனக்குந் தெரியுதா?" என்று மட்டும் கேட்டான்.

வீணாகிவிடுமே என்று, இரண்டாவது செம்புத் தண்ணீரைப் பானையிலேயே திருப்பி ஊற்றினாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

அன்று முதல் அவன் வாய்க்குள் தண்ணீர் இறங்கவில்லை. செம்பு உதடுவரை போகும். வாசலில் ஒரு சத்தம் கேட்கும். வெறுந்தொண்டை விழுங்குகிற சத்தம். களக்... களக்... செம்பைக் கீழே வைத்துவிடுவான். ஈரத்துணியால் அவள் உதட்டை நனைத்தால் உண்டு. பூசாரி மந்திரித்தார். பலனில்லை. மூன்றாம் நாள் நாடி பார்த்த வைத்தியர், "ஆள் தங்காது ஆத்தா" என்றார்.

"நான் குடிச்சா அவன் பாக்கறான் புள்ளே" என்றான் அருணகிரி.

கந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேயானாலும் தாகம் தாகந்தானே? ஒரு செம்பு மொண்டு வாசலில் வைத்தாள்.

"வாங்க சாமி. தண்ணி குடிங்க."

காற்று நின்றது.

களக்... களக்...

செம்பு காலி.

ஆனால் கீழே மண் நனைந்திருந்தது. அத்தனை தண்ணீரும் மண்ணில்தான் கிடந்தது.

உள்ளே அருணகிரி மடமடவென்று குடித்தான். குடித்துக்கொண்டே அழுதான்.

பிறகு தினமும் அப்படித்தான். வாசலில் ஒரு செம்பு. அப்புறம் அவனுக்கு. தினமும் மண் நனையும். "ஒரு முழுங்காச்சும் உள்ள போகலாமில்ல?" என்று அவள் முனகுவாள்.

ஆடியில், அவனோடு பட்டாளத்தில் இருந்த வெங்கடாசலம் ஜேடர்பாளையத்திலிருந்து பார்க்க வந்தார். அருணகிரி மாட்டுக்குச் சோளத்தட்டு போடப் போயிருந்தான். வாசல் செம்பைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டார். அவள் சொன்னாள்.

அவர் செம்பை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"அது மணியன், அம்மிணி. குண்டு பட்டுக் கெடந்தான். தண்ணி வேணும்னு கையில காட்டுனான். கடைசித் தண்ணி உங்க ஊட்டுக்காரர்கிட்டத்தான் இருந்துச்சு. நாங்கதான் தடுத்தோம். ஊத்துனா வீணுன்னு."

"தாகத்துக்குக் குடுக்கறது எப்படிங்க வீணாகும்?"

அவர் நனைந்த மண்ணையே பார்த்தார்.

"அவனுக்குக் கீழ்த்தாடையே இல்லீங்க."

களக்...

செம்பு காலியாகியிருந்தது.

கந்தம்மாள் எழுந்து, மறுபடி நிரப்பி வைத்தாள்.