ஆடியில் போன தேனிலவு

நீங்கள் பணிந்து நடக்கிற விதிகளில் எத்தனையை உங்கள் சொந்தக் கண்ணால் படித்திருக்கிறீர்கள்? இந்தப் பக்கம் வராதே என்றார்கள், சுற்றிப் போனீர்கள். அந்த நாற்காலியில் உட்காராதே என்றார்கள், நின்றீர்கள். இந்த மாதத்தில் கல்யாணம் வேண்டாம் என்றார்கள், காத்திருந்தீர்கள். சொன்னவரைப் பார்த்து, ‘எங்கே எழுதியிருக்கிறது?’ என்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா?

ரத்தினம்மா கேட்டார்.

அவர் மேடை ஏறியவர் அல்லர். சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடை வாசலில், தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர். அப்பா முனிசிபாலிட்டியில் சாக்கடை வெட்டிய தொழிலாளி. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு மகளின் படிப்பும் நின்றது. ஆனால் அந்த ஐந்து வகுப்பு ஆங்கிலத்தை அவர் துருப்பிடிக்க விடவில்லை. சாமான் சுற்றி வரும் பழைய செய்தித்தாளைக்கூடப் பிரித்து, நீவி, படித்துவிட்டுத்தான் கீழே போடுவார். அவர் குடியிருந்த தொழிலாளர் லயத்தில் யாருக்கு எந்த நோட்டீஸ் வந்தாலும் அது நேராக அந்தத் தையல் மெஷினுக்குத்தான் வரும்.

“வீட்டைக் காலி பண்ணச் சொல்றான், ரத்தினம்!” என்று அலறிக்கொண்டு வருவார்கள்.

“அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். தாளைக் காட்டுங்க” என்று கையை நீட்டுவார். பாதி நேரம் அது அம்மை குத்திக்கொள்ள வரச் சொல்லும் தாளாக இருக்கும்.

மருதப்பனும் அப்படி ஒரு தாளோடு வந்தவர்தான். ஆற்றங்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கில் மூட்டை தூக்கியவர். முதல் தடவை வேலை நேரம் மாறியதைச் சொல்லும் நோட்டீஸ் கொண்டுவந்தார். இரண்டாம் தடவை அதே நோட்டீஸை மறுபடியும் கொண்டுவந்தார். மூன்றாம் தடவை கொண்டுவந்த தாளில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

“இதுல என்னத்தைப் படிக்கிறது?”

“நீங்கதான் எழுதணும்.”

இப்படித்தான் 1957 ஆகஸ்ட் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மணநாள் என்று முடிவாயிற்று. ஐயர் இல்லை, தாலி இல்லை, மாலை மாற்றிக்கொண்டு பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து. எங்கள் வாசகசாலைக் கூடத்தை மற்ற மாதங்களுக்கெல்லாம் ஆட்கள் பிடித்துவிட்டிருந்தார்கள். ஆடி மாதம்தான் யாரும் தொடாமல் கிடந்தது. அதனாலேயே ரத்தினம்மா அதை எடுத்துக்கொண்டார்.

அவருடைய தாயார் மங்களம் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏண்டி, ஐயர் வேணாம்னே, சரின்னேன். தாலி வேணாம்னே, நெஞ்சை அடைச்சுது, அதையும் முழுங்கிட்டேன். இப்ப ஆடியுமா?”

“ஆடிக்கு என்னம்மா?”

“ஆடியில ஒண்ணா இருந்தா சித்திரையில பிள்ளை பொறக்கும்டி. சித்திரை வெயிலு தாயையும் பிள்ளையையும் வாட்டிப்புடும்.”

“எந்த ஊரு வெயிலும்மா? தஞ்சாவூர் வெயிலா, நம்ம தேக்கா வெயிலா?”

இந்தக் கேள்விக்கு இந்தத் தீவில் பதில் சொல்ல ஆள் உண்டா? இங்கே சித்திரைக்கும் மார்கழிக்கும் ஒரே வெயில், ஒரே மழை. கப்பலேறியபோது துணிமணியோடு பஞ்சாங்கத்தையும் கட்டிக்கொண்டு வந்தோம். அந்த ஊர் வெயில் நம்மோடு கப்பலேறவில்லை என்பதை மட்டும் நூறு வருஷமாகக் கவனிக்கவில்லை.

மங்களம் கடைசியில் ஒரு வழி சொன்னார். கல்யாணம் அவர்கள் இஷ்டப்படி நடக்கட்டும். ஆடி முடியும்வரை பெண் தாய் வீட்டில், மாப்பிள்ளை தன் இடத்தில்.

இங்கேதான் சிக்கல் வந்தது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அவர்கள் பேசி வைத்திருந்த அறை செப்டம்பரில்தான் காலியாகும். தாய் வீடு என்பது ஒற்றை அறை. மருதப்பன் இருந்தது கெர்பாவ் ரோட்டில் ஒரு மாடியில், இன்னும் பத்துப் பேரோடு. கல்யாணத்துக்கென்று அவருக்குக் கிடைத்த விடுமுறை நான்கு நாள். அந்த நான்கு நாளும் தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியுமாக இருக்க இந்தத் தீவில் அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. தேனிலவு என்றால் பணக்காரர் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். இவர்கள் கேட்டது ஒரே ஒரு அறை.

“நாங்க பத்துப் பேரும் கண்ணை மூடிக்கிறோம், நீ கூட்டிட்டு வா மருதப்பா” என்றார் கூட இருந்த தங்கராஜு.

அதை மருதப்பன் வந்து சொன்னபோது ரத்தினம்மா கேட்டார்: “கண்ணு சரி. காதை என்ன பண்ணுவாங்களாம்?”

பினாங்கு நல்ல தீவு என்றார்கள். போய் வருவதற்கே விடுமுறை தீர்ந்துவிடும். ஜோகூர் தோட்டத்தில் இருந்த ரத்தினம்மாவின் மாமா சுந்தரத்துக்கு எழுதினார்கள். அவர் அன்போடு பதில் போட்டார்: தாராளமாக வாருங்கள், ஆனால் ஆடி மாதமாக இருப்பதால் ரத்தினம் தன் அத்தையோடு உள்ளே படுத்துக்கொள்ளட்டும், மாப்பிள்ளைக்கு வராந்தாவில் நல்ல காற்று வரும்.

அப்போது அஸ்மத் வந்தார். கம்பெனிக்குச் சாங்கி கடற்கரையில் ஓய்வு பங்களா ஒன்று இருந்தது, அதன் காவல்காரர். முன்பக்கம் கடலைப் பார்த்து நான்கு அறை. ஆபீஸ் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், குடும்பத்தோடு போய் இருந்துவிட்டு வருவார்கள். மருதப்பனுக்கும் அந்த வீடு நன்றாகத் தெரியும். அங்கே இருந்த மெத்தைகளை லாரியிலிருந்து இறக்கித் தலையில் சுமந்து உள்ளே கொண்டுபோய்ப் போட்டவர் அவர். ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.

“ஆகஸ்ட்ல ஆளே வராது லா” என்றார் அஸ்மத். “தமிழாளுக்கு ஆடி. சீனாளுக்குப் பேய் மாசம், தண்ணியில காலே வைக்க மாட்டான். வீடு முழுக்க கொசோங், காலி. பின்னால என் ரூமுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம் இருக்கு. நீங்க வாங்க, ஒருத்தருக்கும் தெரியாது.”

மருதப்பன் ஓட்டமாக வந்து சொன்னார். ரத்தினம்மா மெஷினை நிறுத்தினார்.

“முன்னால நாலு ரூம் காலியா கிடக்குது. நாம ஏன் பின்னால போகணும்?”

“அது ஸ்டாஃபுக்கு, ரத்தினம். நான் லேபர்.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

“நீங்க தாளைப் பார்த்தீங்களா?”

“கேட்டா வேலைக்கு ஆபத்து வரும்” என்றார் மருதப்பன்.

“வேலை வேணும்தான். இல்லைங்கல. ஆனா கல்யாணம் கட்டின மறுநாளே திருடி மாதிரி பின்பக்கமா நுழைய என்னால முடியாது. நீங்க பேச வேணாம், கூட வந்து நில்லுங்க. நான் கேக்கறேன்.”

கல்யாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாள். துணைக்கு வாசகசாலையிலிருந்து நானும் சேர்ந்து மூன்று பேராகப் போனோம். நான் கதவருகே நின்றேன், அதனால் காதில் விழுந்ததை அப்படியே சொல்ல முடியும்.

பெரிய கிராணி பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தாமதமாக வராதவர் என்று அவரைப் பிடிக்காதவர்களே சொல்வார்கள். பங்களாவின் பதிவுப் புத்தகமும் சாவியும் அவர் மேசையில்தான்.

“என்ன மருதப்பன், இந்தப் பிள்ளை ஆர்?”

“நாளைக்கு எங்களுக்குக் கல்யாணம் ஐயா.”

“ஆடியிலையோ! உங்களுக்கென்ன விசரே?”

“விசர்னா என்னங்க?” என்று மருதப்பனிடம் கேட்டார் ரத்தினம்மா. “பைத்தியம்” என்று அவர் முணுமுணுத்தார். ரத்தினம்மா சிரித்துவிட்டார். “ஆமாங்க ஐயா, அதேதான். சாங்கி பங்களாவுல எங்களுக்கு நாலு நாள் வேணும்.”

“அது ஸ்டாஃபுக்கு, பிள்ளை. லேபருக்கு இல்லை. கம்பனி விதி.”

“தாளைக் காட்டுங்க ஐயா.”

“என்ன தாள்?”

“அந்த விதி எழுதின தாள்.”

பேரின்பநாயகத்தின் முகம் சிவந்தது. “இருபத்திரண்டு வருசமா இந்தக் கதிரையிலை இருக்கிறன். என்னட்டைத் தாள் கேக்கிறீரோ?”

“கோவிச்சுக்காதீங்க ஐயா. எனக்குக் காதால கேட்டது தங்காது. கண்ணால பார்த்தா நிக்கும்.”

இந்தப் பெண்ணின் வாயை அடைக்க வேண்டும் என்றே அவர் அலமாரியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு ஃபைலை உருவினார், தூசி பறந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றபடியே, எழுத்துக்கூட்டித் தலைகீழாகப் படித்தார் ரத்தினம்மா. “‘எம்ப்ளாயீஸ்’னு போட்டிருக்கு. ‘அவர்கள் மனைவிமார்’னு போட்டிருக்கு. ஸ்டாஃப்னு எங்கேயும் காணோமே ஐயா. எம்ப்ளாயின்னா சம்பளத்துக்கு வேலை செய்யறவர்தானே?”

“ஓம்.”

“இவரும் சம்பளத்துக்குத்தானே மூட்டை தூக்கறார்?”

“ஓம்.”

பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு முன்னம் இருந்த பெரிய கிராணி, ஸ்டாஃபுக்கு மட்டும் எண்டு சொன்னவர். நான் இதை எடுத்து வாசிக்கேல்லை.”

“அவருக்கு யார் சொன்னாங்க ஐயா?”

அவர் அந்த ஃபைலை மூடி உள்ளே தள்ளியிருக்கலாம். எங்களை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு அங்கே நாதி இல்லை. ஆனால் அந்த மனிதர் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி ஒப்புக்கொண்டார். இப்படி ஒருவரை நான் மேடை ஏறிய நாற்பது கூட்டங்களில் தேடியும் கண்டதில்லை. பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. அதில் பேனாவை வைத்து எழுதினார்: மருதப்பன், கிடங்குத் தொழிலாளி. திருமதி ரத்தினம்மா.

பிறகு தலை நிமிர்ந்து, “கடல் பக்கம் எல்லா அறையும் காலிதான். எது வேணும் பிள்ளை?” என்று கேட்டார்.

அதுவரை மடமடவென்று பேசிய ரத்தினம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உனக்கு எது வேண்டும் என்று அவரை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. யோசித்து, யோசித்து, கடைசியில் சொன்னார்: “எந்த ரூம் கதவுல தாழ்ப்பாள் நல்லாருக்கோ, அது ஐயா.”

பேரின்பநாயகம் சிரித்ததை ஆபீஸ் அன்றுதான் பார்த்தது.

திங்கட்கிழமை காலை அஸ்மத் முன்வாசல் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாராம். அறைக்குள் போனதும் மருதப்பன் மெத்தையைத் தடவிப் பார்த்திருக்கிறார். “இதைத் தூக்கினது நான்தான் ரத்தினம். மூணு நாள் கழுத்து பிடிச்சுக்கிச்சு.”

“நாலு நாளைக்கு அது உங்களைத் தூக்கட்டும்” என்றாராம் ரத்தினம்மா.

மூன்றாம் நாள் மங்களம் மகளை அழைத்துப் போகிறேன் என்று பஸ் ஏறி வந்தார். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார், கடல் காற்றில் மத்தியானம் முழுக்கத் தூங்கினார், எழுந்து சாயங்கால பஸ்ஸில் தனியாகத் திரும்பிப் போனார்.

அடுத்த ஆகஸ்டில் அந்தப் பக்கத்தில் மூன்று தொழிலாளர் குடும்பங்களின் பெயர் இருந்தது. மூன்று வருஷத்தில் முறை வைத்துக் கொடுக்க வேண்டிய அளவுக்குப் பெயர்கள் சேர்ந்தன. தொழிலாளி என்ற சொல்லை அந்தப் புத்தகத்தில் எழுத இப்போது யார் கையும் தயங்குவதில்லை.

மூத்த மகள் சித்திரையில்தான் பிறந்தாள். அன்று கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக்கு மங்களம் குடை பிடித்துக்கொண்டு நனைந்து வந்து சேர்ந்தார். “எங்கேம்மா உன் சித்திரை வெயிலு?” என்று கட்டிலில் படுத்தபடி கேட்டார் ரத்தினம்மா. “சும்மா இருடி. சன்னலைச் சாத்துறேன், பிள்ளைக்குச் சாரல் அடிக்குது.”

இது நடந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. ரத்தினம்மா இப்போது புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். மெஷின் சன்னலோரம் இருக்கிறது. தாளோடு வருகிறவர்கள் நான்கு மாடி ஏறி வருகிறார்கள். இந்த ஊர் எழுந்து நிற்பது இப்படிப்பட்டவர்கள் முதுகெலும்பில்தான் என்று நான் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன்.

படித்துவிட்டு ‘பலே’ என்று சொல்லி மடித்து வைத்துவிடாதீர்கள். நாளைக்கு வேலைக்குப் போனதும், உங்களுக்கில்லை என்று சொல்லப்பட்ட அந்தக் கதவுக்கு முன்னால் நில்லுங்கள். சொன்னவரிடம் மரியாதையாகத் தாளைக் கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படி ஒரு தாளே இல்லையென்றால் முன்வாசல் வழியாக உள்ளே போங்கள். ‘உனக்கில்லை’ என்றே அதில் எழுதியிருந்தால், எழுதியவர் பெயரைக் கேட்டுக்கொண்டு அவரிடம் போங்கள்.