முதல் பழத்துக்கு என்ன பெயர்?

போன வாரம் நர்சரி டீச்சர் என்னை வரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பெற்றோர் கூட்டம் என்றாலே கடைசிக் கதிரையில் ஒளிந்துகொள்கிற ஆள் நான். தனியாக வரச் சொன்னால்? காலையில் தேத்தண்ணீர்கூட இறங்கவில்லை.

விஷயம் இதுதான். இது றம்புட்டான் சீசன் அல்லவா? பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, நடுவில் பழங்களைக் குவித்து, எண்ணப் பழக்குகிறார்கள். என் கடைக்குட்டி சந்தியா முதல் பழத்தை எடுத்து எண்ணத் தொடங்கியதுமே மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு சரி... எண்ணச் சொன்னால் வாயே திறப்பதில்லை.

"கெட்டிக்காரப் பிள்ளை ஐயா," என்றார் டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். "ஆனா ஒண்டு சொல்லத் தெரியேல்ல. லாபம், ரெண்டு, மூண்டு எண்டு போறா. ஆர் பழக்கினது?"

யார் பழக்கியது? நான்தான்!

நான் பழ வியாபாரி. மூட்டை வந்து இறங்கினால் வீட்டில் எல்லோரும் சாக்கைச் சுற்றி உட்கார்ந்து எண்ணுவோம். முதல் பழத்துக்கு 'ஒன்று' என்று சொல்வதில்லை. 'லாபம்' என்போம். பிறகுதான் இரண்டு.

மஹய்யாவ என்ற ஊரில் நான் வளர்ந்த வீட்டில் என் அப்பாவும் அப்படித்தான் எண்ணினார். கடுகண்ணாவை மலைக்குக் கீழேயிருந்து லொறியில் வந்த மூட்டையை அவர் அவிழ்த்ததும் வீடே ஈர இலை வாசம் அடிக்கும். சிவப்பு எறும்புகள் காலில் ஏறும். அண்ணன்மார், அக்கா, நான் – எல்லோரும் 'லாபம்!' என்று கத்துவோம். எங்கேயும் பேசக் கூசுகிற நான்கூட அங்கே கத்துவேன். கையில் ஐந்து பழம் ஏறினால் பார்க்காமலே தெரியும். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்... அந்தக் கைக்கணக்கு இன்னும் என்னை விடவில்லை.

இதையெல்லாம் டீச்சரிடம் சொல்ல வேண்டுமே! தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"ஒன்னுன்னு ஆரம்பிச்சா யாவாரம் ஒன்னோட நின்னுரும்னு... எங்க அப்பா சொல்லுவாருங்க டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட! எங்கட அப்பாவும் நெல்லளக்கேக்க இப்பிடித்தானே சொல்லுறவர்! நான்தான் மறந்துபோனன்."

உடனே பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தார். "இண்டைக்குக் கடை விளையாட்டு. கடையில முதல் பழத்துக்கு வேற பேர் இருக்கு. அது சந்தியாவுக்குத்தான் தெரியும்."

சந்தியா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மெல்ல ஒரு பழத்தை எடுத்தாள்.

"லாபம்..."

ஒரு வாண்டு களுக்கென்று சிரித்தான்.

"லாபம்!" என்று டீச்சர் அவனைவிடச் சத்தமாகச் சொன்னார். அடுத்த பழத்துக்கு சந்தியாவே "ரெண்டு!" என்று கத்தினாள். பத்து வரை போனார்கள். மறுபடி, மறுபடி...

"சரி, இனி நர்சரியில ஒண்டு, கடையில லாபம். விளங்கிச்சோ?"

"வெளங்கிருச்சு டீச்சர்!" – என் பிள்ளையின் குரல்தான் முதலில் வந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் எண்ணினாள். படிக்கட்டுகளை, த்ரீவீல்களை, வெயிலில் படுத்திருந்த நாய்களை... மூச்சுவிடாமல். 'கொஞ்சம் பேசாம வாம்மா' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

நல்லவேளை, எனக்குச் சட்டென்று பேச வராது!