அஞ்சலை என்று பேர் வெட்டிய கத்தி

போன வாரம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் என் மகன் அதைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். இரண்டு மடக்குக் கத்திகள். நண்பர்களோடு மலையேறப் போகிறானாம், அதற்கு. வெண்டைக்காய் நறுக்கச் சொன்னால் விரலை நறுக்கிக்கொள்கிற பிள்ளை, காட்டில் போய் என்னத்தை வெட்டப் போகிறானோ தெரியவில்லை.

“லாக் எவ்ளோ ஸ்ட்ராங் பாரும்மா. ஒரு கையாலயே தொறக்கலாம்.”

அவன் காட்டியது கறுப்புக் கத்தி. வாங்கிப் பார்த்தேன். கனமே இல்லை. கட்டைவிரலால் தள்ளியதும் சத்தமில்லாமல் திறந்துகொண்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. திறக்கும்போது கொஞ்சமாவது முரண்டு பிடிக்காவிட்டால் அது என்ன கத்தி? இன்னொன்று மரப்பிடி போட்டது. அலகில் இருந்த சின்னப் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். மெல்ல வந்து, கடைசியில் “டக்”கென்று நின்றது. ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை. மூட்டில் மூக்கை வைத்தேன். மெஷின் எண்ணெய் வாசனை.

“இதுதாண்டா கத்தி” என்றேன்.

“உனக்கு என்னம்மா தெரியும் கத்தியப் பத்தி?”

எனக்கா தெரியாது! கத்தியால் என் உத்தியோகமே போகப் பார்த்தது என்று அவனிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்கிற மாதிரியான கதையாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் அனல் மின் நிலையத்தில் சாம்பிள் ரூமில் டிரெயினி. சுரங்கத்திலிருந்து வருகிற பழுப்பு நிலக்கரியில் தினமும் கொஞ்சம் சாக்கில் கட்டி எங்களிடம் அனுப்புவார்கள். அதை உடைத்து, சலித்து, எடை போட்டு, அடுப்பில் வைத்து ஈரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எடை போடுவதும் எழுதுவதும் நான். உடைப்பதும் சலிப்பதும் அஞ்சலை. பக்கத்து ஊரான வடக்குத்துக்காரி, கான்ட்ராக்டில் வந்தவள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. சூப்பர்வைசர் இருந்தால் என்னை “மேடம்” என்பாள், அவர் அந்தப் பக்கம் போனதும் “ஏ, இன்னா மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருக்க?” என்பாள். அந்த “ஏ”தான் எனக்குப் பிடித்தது. எட்டு மணி நேரம் கரித்தூளில் நின்றுவிட்டு இரண்டு பேரும் ஒரே மாதிரி கறுத்த மூக்கோடு வெளியே வருவோம்.

சாக்கு வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி அனுப்புவார்கள். கட்டுகிற புண்ணியவானுக்கு என்ன கோபமோ, முடிச்சு மேல் முடிச்சு. அவிழ்த்து அவிழ்த்து எங்கள் நகமெல்லாம் போயிற்று. ஸ்டோரில் எழுதிக் கேட்டிருந்தால் கத்தி கொடுத்திருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சேத்தியாத்தோப்பு போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒருவர் கோணியை விரித்துப் பூட்டு, நகவெட்டி, மடக்குக் கத்தி எல்லாம் பரப்பியிருந்தார். சிவப்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். ஆளுக்கொன்று எடுத்தோம். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் என்னுடையது லூசு, அஞ்சலையுடையது டைட்டு. திறக்கிறபோது என் கத்தி “சளக்” என்றது, அவளுடையது “டக்” என்றது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நான் முதலில் பார்த்து எடுத்ததாயிற்றே!

காசை வாங்கிக்கொண்டு கடைக்காரர் கத்திகளைத் துடைத்து நீட்டினார். அஞ்சலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கீழ வைங்க, நான் எடுத்துக்கறேன். கத்தியக் கைக்குக் கை குடுத்தா சண்ட வரும்.”

“கரியிலேருந்து கரண்ட் எடுக்கற ஊர்ல இருந்துகிட்டு என்னடி பேச்சு இது” என்று சிரித்தேன்.

“கரண்ட் வேற, சண்ட வேற” என்றாள்.

பக்கத்துப் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற மெஷின் இருந்தது. அவள் தன் பித்தளைப் பூணில் “அஞ்சலை” என்று முழுசாக வெட்டிக்கொண்டாள். நான் ஸ்டைலாக இருக்கட்டும் என்று இனிஷியல் மட்டும் வெட்டச் சொன்னேன். பஸ்ஸில் வழியெல்லாம் “டக், சளக், டக், சளக்” என்று திறந்து மூடிக்கொண்டே வந்ததில் கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

புதுக் கத்தி கையில் இருந்தால் எதையாவது வெட்டாமல் இருக்க முடியுமா? எங்கள் குவார்ட்டர்ஸ் பின்னால் பலாமரம். டவுன்ஷிப்பில் யார் வீட்டில்தான் இல்லை! அரிவாள்மணையை விட்டுவிட்டு நான் பேனாக்கத்தியோடு போய்ப் பலாப்பழத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அலகுக்கு எண்ணெய் தடவினேன், கைக்குத் தடவினேன். அந்த மூட்டுக்குள் பால் இறங்குமே என்று மட்டும் மண்டையில் ஏறவில்லை. பழத்தைத் தின்றோம், கத்தியைத் துடைத்து மடக்கி வைத்தேன். மறுநாள் காலையில் அது திறக்கவே இல்லை. அப்பா குறடு வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, “பலாப்பழத்த மடக்குக் கத்தியில வெட்டினவ இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்திதான்” என்றார்.

அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தன் கத்தியை எடுத்து எடை மேசைமேல் வைத்தாள். “நீ இத வச்சிக்க. உன்னுத மண்ணெண்ணெயில ஊறப் போட்டு எடுத்தாறேன்.” என் கத்தியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்படித்தான் அவள் பேர் வெட்டிய கத்தி என் பைக்கு வந்தது.

அந்த வாரம் யார்டில் யாரோ செம்புக் கேபிளை வெட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். அதுவரை பேருக்குப் பையைத் தொட்டுப் பார்த்து அனுப்புகிற கேட்டில், காலை ஷிப்டுக்கு வந்த எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். எனக்குக் கத்தி ஞாபகமே இல்லை. டிபன் பாக்ஸ், குடை, அதற்கப்புறம் அது வெளியே வந்தது.

செக்யூரிட்டி ஆபீசர் பூணைத் திருப்பிப் படித்தார். “அஞ்சலை. உன் பேரா?”

“இல்ல சார்.”

“அப்ப யாருது?”

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறேன். ‘சாக்குக் கயிறு அறுக்க நான்தான் வச்சிருக்கேன் சார்.’ அவ்வளவுதான், அரை மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மாதக் கடைசியில் எனக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வர வேண்டியிருந்தது. அப்பா ரிட்டயர் ஆகப் போகிறார். எனக்கு ஆர்டர் வந்தால் குவார்ட்டர்ஸ் என் பேருக்கு மாறும், வராவிட்டால் சாமான் சட்டியோடு எங்கே போவது என்று வீட்டில் தினமும் அதே பேச்சு. கேபிள் திருட்டில் என் பேர் அடிபட்டால் ஆர்டர் கனவில்தான் வரும்.

“அது அஞ்சலையோடது சார். சாம்பிள் ரூம்ல வேலை செய்யறவங்க” என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டுதான் கொஞ்ச நாள் ஓட்டினேன்.

வரிசையில் எனக்கு மூன்று பேர் தள்ளி அஞ்சலை நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். கூப்பிட்டார்கள், வந்தாள்.

“உன்னுதா?”

கத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் குடையைப் பார்த்தேன்.

“ஆமாங்க, என்னுதுதான்.”

“இவங்க பைக்கு எப்படி வந்துச்சு?”

“நான்தாங்க வச்சேன். மேடத்துக்குத் தெரியாது.”

என்னை உள்ளே போகச் சொன்னார்கள். போனேன். அன்றைக்குச் சாக்கு முடிச்சுகளைப் பல்லால் அவிழ்த்தேன். அழுகை வந்தது. அழுதால் யாராவது காரணம் கேட்பார்களே என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

அவள் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேபிள் விஷயத்தில் அவள்மேல் எதுவும் இல்லையென்று ஆனது, ஆனால் கான்ட்ராக்டர் அவளைத் திரும்ப உள்வேலைக்கு எடுக்கவில்லை. ரோட்டோரம் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்குப் போட்டார். அதனால் என்ன, வேலைதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். உள்ளே போகிற பாஸ் விட்டுப்போகாமல் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் பெர்மனென்ட் ஆகலாம் என்று ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. அவள் வீட்டில் ஐந்து பேருக்கும் சேர்த்து அந்த ஒரு பாஸ்தான். பாஸுக்குப் பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டு, கழுத்துச் சங்கிலியோடு சேர்த்து மாட்டிக்கொண்டு வருவாள்.

மாதக் கடைசியில் எனக்கு ஆர்டர் வந்தது. சாம்பிள் ரூமில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக ஸ்டாப்பிங்கில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை வந்தாள். கையில் பச்சை பிளாஸ்டிக் குடம், காலெல்லாம் சேறு. சிமெண்ட் பெஞ்சில் என் பக்கத்தில் என் கத்தியை வைத்தாள்.

“மேடம், உங்க கத்தி. மண்ணெண்ணெயில போட்டு எடுத்துட்டன். இப்ப நல்லாத் தொறக்குது.”

சுற்றிலும் யாரும் இல்லை. சூப்பர்வைசர் இல்லை, ஆபீசர் இல்லை. அப்போதும் “மேடம்” என்றாள். நான் “அஞ்சல...” என்று ஆரம்பித்தேன். “தண்ணி வண்டி வந்துடும் மேடம்” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். என் கத்தி உண்மையிலேயே நன்றாகத் திறந்தது. லூசாக இருந்த ஆணியைத் தட்டி இறுக்கிக்கூடக் கொடுத்திருந்தாள். இப்போது அதுவும் “டக்” என்றது.

நான் ரிட்டயர் ஆனபோது குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு வடக்குத்தில் மனை வாங்கி வீடு கட்டினோம். அஞ்சலையின் ஊரிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன், பாருங்கள்! வந்த புதிதில் கடையில், ரேஷனில், கோயிலில் விசாரித்தேன். “எந்த அஞ்சல? இங்க தெருவுக்கு நாலு அஞ்சலங்க” என்றார்கள். சாம்பிள் ரூமில் இருந்த அஞ்சலை என்றால் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சாம்பிள் ரூமும் இல்லை, அந்தக் கேட்டும் இல்லை. குவார்ட்டர்ஸ் காலி செய்தபோது என் கத்தி எந்த மூட்டையில் போனதோ, அதையும் காணோம். அவள் கத்தியை அன்றைக்குக் கேட்டில் வாங்கி வைத்ததோடு சரி.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு மரப்பிடிக் கத்தியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். “குடும்மா, பேக் பண்ணணும்” என்று மகன் கையை நீட்டினான். பழக்க தோஷம், மேசைமேல் வைத்தேன். சண்டை வரக் கூடாதே.

எனக்கும் அஞ்சலைக்கும் கடைசிவரை சண்டையே வரவில்லை. கடைசி நாள்வரை அவள் முறையாகக் கீழேதான் வைத்தாள். அந்த ஸ்டாப்பிங்கில் ஒரே ஒரு தடவை என் கையில் கொடுத்திருக்கலாம்.