கனடா போய் வந்தவரின் ஏரிக்கரை நடை

என் வீட்டுக்காரர் நடக்கமாட்டார். கால் இல்லாமல் இல்லை. 2009இல் பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் இலங்கைத் தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில் பலசரக்குக் கடை திறந்த நாளிலிருந்து, அரிசி மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிலவறைப் படிகளில் ஏறி இறங்கித் திரிந்த மனிதர்தான். ஆனால் அவரைப் பொறுத்தவரை, வெளியில் நடப்பதென்றால் கையில் ஒரு பையாவது இருக்கவேண்டும், போகிற இடத்தில் ஒரு வேலையாவது இருக்கவேண்டும். சும்மா நடப்பதெல்லாம் வெள்ளைக்காரரின் விளையாட்டு. அப்படிப்பட்டவரைத்தான் ஒரு யூலை மாதம் ஆல்ப்ஸ் மலையடியில், அன்சி ஏரியின் கரை நெடுக நான் நடக்கவைத்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள் நான். பிரெஞ்சுப் பிள்ளைகளைக் கீரை தின்னவைத்தவளுக்கு ஒரு மனிதரை நடக்கவைப்பது என்ன பெரிய காரியம்?

அதற்கு முந்திய வருடம் அவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். அம்புலன்சில் ஏற்றும்போது மூச்சு வாங்க வாங்க என் கையைப் பிடித்து இழுத்தார். கடைசியாக ஏதோ சொல்லப்போகிறார் என்று காதை அவர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

“ஆரும் கேட்டால் கனடாவுக்கு அண்ணையிட்டைப் போயிட்டார் எண்டு சொல்லும்” என்றார்.

நோய் வருத்தம் வந்தால் எங்கள் ஆட்கள் வெளியில் மூச்சு விடமாட்டார்கள். சொன்னால் கடையை விற்கப்போகிறீர்களா என்று கேட்பார்கள். மகளுக்குக் கலியாணம் பேசுகிறவர்கள் இது பரம்பரை வருத்தமா என்று விசாரிப்பார்கள். மற்றவர்கள் ஒரு பை அப்பிளோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்று, “பாவம், எப்பிடி இருந்த மனிசன்” என்பார்கள். அந்த அப்பிள் பைக்குத்தான் அவர் மிகவும் பயந்தார். எல்லாம் சரி, பொய் சொல்வதற்கு வேறு நாடா இல்லை? கனடாவில் உறவுக்காரர் இல்லாத வீடு லா சப்பலில் எங்கே இருக்கிறது? நானும் அந்த அவசரத்தில் யோசிக்காமல் எல்லாருக்கும் அதையே சொல்லித் தொலைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, மெலிந்த முகத்தோடு அவர் கடைக்குப் போய் உட்கார்ந்தபோது ஆளாளுக்குக் கேள்வி. ரொறன்ரோவில் யார் யாரைப் பார்த்தார், கோயில் எப்படி, குளிர் எப்படி. மூட்டை தூக்க ஒருவரை வைத்ததும் கனடாவுக்குப் போய்வந்து முதலாளி ஆகிவிட்டார் என்று கதை கட்டினார்கள். இதெல்லாம் பரவாயில்லை. எதிரே தையல்கடை வைத்திருக்கும் அக்காவின் கோபம்தான் பெரிதாகப் போய்விட்டது. அவருடைய தங்கை கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார்.

“கனடா போறதெண்டால் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ தம்பி? தங்கச்சிக்குக் கறித்தூளும் ரெண்டு சட்டையும் தந்து விட்டிருப்பனே” என்று அக்கா கடை வாசலில் நின்று கேட்டார்.

எங்களில் யார் விமானம் ஏறினாலும் பெட்டியில் பாதி மற்றவர்களின் பார்சல்தான். சொல்லாமல் போவது கலியாணத்துக்கு அழைக்காமல் விடுவதற்குச் சமம். இவர் குனிந்து பருப்புப் பைகளை அடுக்கத் தொடங்கினார். அன்றோடு அக்கா இவருடன் கதைப்பதை நிறுத்தினார். வருடக்கணக்கில் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள், பிறகு எதிரெதிர்க் கடைகளில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

தினமும் வெளியில் நடக்கவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவர் புறநகரான பொபினியில் எங்கள் வீட்டு நடையில், திரைச்சீலையை இழுத்து விட்டுவிட்டு, கதவுக்கும் குளியலறைக்கும் இடையில் நடந்தார். தெருவில் நடந்தால் பாதியில் நிற்கவேண்டும், சுவரைப் பிடிக்கவேண்டும், யாராவது பார்த்துவிடுவார்கள். அடுத்த தடவை பரிசோதித்தபோது, இதயம் தேறவில்லை, இப்படியே இருந்தால் திரும்பவும் என்னிடம்தான் வருவீர்கள் என்றார் டொக்டர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பயம். இந்த மனிதர் வெட்கத்தினாலேயே செத்துப்போகப்போகிறார் என்று நினைத்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

வழி காட்டியது மகள்தான். நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். அன்சி ஏரிக்கரையில் ஒருகாலத்தில் ரயில் ஓடியதாம். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, நடக்கவும் சைக்கிள் ஓடவும் தார் போட்டிருக்கிறார்களாம். ரயில் செங்குத்தாக ஏறாது, அதனால் பாதையும் ஏறாது, அப்பாவுக்கு மூச்சு வாங்காது என்றாள். முக்கியமான விஷயத்தைக் கடைசியில் சொன்னாள். அங்கே எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதைக் கேட்டதும் இவர் உடனே சம்மதித்தார்.

ரயிலில் போய் இறங்கி ஓர் இரவு தங்கினோம். காலையில் பஸ் பிடித்து ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். மகள் வாங்கிக் கொடுத்த சோடி நடைக்கம்பு இவர் கையில், தலையில் வெள்ளைத் தொப்பி. என் முதுகுப்பையில் இடியப்பமும் சம்பலும். ஒரு பக்கம் தண்ணீர் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. பழைய ரயில் நிலையம் ஒன்றில் யாரோ குடியிருந்தார்கள், மேடை இருந்த இடத்தில் தக்காளி காய்த்திருந்தது. இவர் நின்றார், மூச்சு விட்டார், மறுபடி நடந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களைக் கடந்துபோன வயதானவர்கள் எல்லாருமே கம்போடுதான் நடந்தார்கள்.

“எங்கடை ஊரிலையும் சண்டைக்காலத்திலை தண்டவாளத்தைக் கழட்டினவைதான். அதைக் கொண்டுபோய் பங்கர் கட்டினவை. இவங்களைப் பாரும், றோட்டுப் போட்டிருக்கிறாங்கள்” என்றார்.

பகிடி விடத் தொடங்கிவிட்டார் என்றால் உயிர் திரும்புகிறது என்று அர்த்தம்.

பாதை ஒரு சுரங்கத்துக்குள் போனது. உள்ளே குளிர்ச்சி, சுவரில் விளக்குகள். மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் இவர் சட்டென்று நின்றார்.

“இஞ்சேரும், உமக்கு மணக்குதோ?”

மணந்தது. பொரித்த மோர்மிளகாய். ஆல்ப்ஸ் மலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வளைவு திரும்பினோம். கரையோரப் புல்வெளியில் பாயை விரித்து, பெரிய பாத்திரங்களைத் திறந்து வைத்து, பாதி லா சப்பலே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு சொகுசு பஸ். சுவிஸில் கோயில் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம், சாப்பாட்டுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் மடக்குக் கதிரையில் தையல்கடை அக்கா.

“திரும்புவம்” என்றார் இவர். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“எங்கை திரும்புறது? பஸ் தரிப்பு அவைக்கு அங்காலை.”

“வந்த வழியாலை போவம்.”

“அவ்வளவு தூரம் திரும்பி நடக்க உங்களாலை ஏலுமோ? இஞ்சை வந்தும் ஒளிக்கப்போறியளோ? அப்ப நீங்கள் போய்ச் சுரங்கத்துக்குள்ளை இருங்கோ. நான் போய் மோர்மிளகாய் தின்னப்போறன்.”

சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இளகிவிடுவேன் என்று தெரியும். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இந்த மனிதர் இப்போது திரும்பிப் போனால், இனி ஒருநாளும் நடக்கமாட்டார் என்று பயந்தபடியே நடந்தேன். கொஞ்சம் பொறுத்துத்தான் தாரில் கம்பு தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, நின்று நின்று, ஆனால் என் பின்னால்.

கூட்டம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தது. அக்கா இவரைத் தொப்பியிலிருந்து சப்பாத்து வரை அளந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

“என்ன தம்பி, இதுவும் கனடாவோ?”

யாரோ சிரித்தார்கள். இவர் கம்புகளை ஒரு கைக்கு மாற்றி, சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். நெஞ்சின் நடுவே நீளத் தழும்பு.

“நான் கனடா போகேல்லை அக்கா. இதுக்குத்தான் போனனான்.”

சிரிப்பு நின்றது. “பாவம்” வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

“அட விசரா! ஒரு வருசம் உன்னோடை கதைக்காமல் இருந்தனே. நீ செத்துப்போயிருந்தால் நான் என்ன செய்யிறது?” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். பிறகு, எல்லாருக்கும் கேட்கவே சொன்னார். “போன மார்கழி நான் லண்டனிலை மகளிட்டை நிண்டனான் எண்டுதானே எல்லாரும் நினைச்சனியள்? லண்டனும் இல்லை, ஒண்டும் இல்லை. கடைக்குக் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியிலைதான் கிடந்தனான். நெஞ்சுக்குள்ளை ரெண்டு கம்பி வைச்சிருக்கு.”

இந்தியாவுக்குத் தலயாத்திரை போய்வந்ததாகச் சொல்லியிருந்த பெரியவர் ஒருவர், கையில் வடையை வைத்துக்கொண்டு ஏரியையே உற்றுப் பார்த்தார்.

அக்கா எழுந்தார். “அந்தக் கம்பிலை ஒண்டைத் தா” என்று வாங்கிக்கொண்டார். தன் கைப்பையை என்னிடம் தந்தார். ஆளுக்கொரு கம்போடு இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். பஸ் தரிப்பு வரை தங்கள் டொக்டர்களைப் பற்றித்தான் கதை. யாருடைய டொக்டர் திறம் என்று சண்டையும் பிடித்தார்கள். சொகுசு பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். அக்கா காதில் வாங்கவில்லை.

இப்போது லா சப்பலில் கடை திறப்பதற்கு முன், காலையில் கால்வாய்க் கரையில் இருவரும் நடக்கிறார்கள். என் வீட்டுக்காரர் தெருவிலேயே நின்று மூச்சு வாங்குகிறார், வேண்டுமானால் சுவரையும் பிடித்துக்கொள்கிறார். இதயம் நன்றாகத் தேறிவிட்டது என்று டொக்டர் சொன்னார். நான் வேறு பதிலை எதிர்பார்க்கவில்லை.

இன்னமும் யாரையாவது கொஞ்ச நாளாகக் காணவில்லையே என்று விசாரித்தால், கனடாவுக்குப் போயிட்டார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். முன்பென்றால் பார்சல் தரவிடவில்லை என்று அக்கா கோபித்திருப்பார். இப்போது கோபிப்பதில்லை. “எந்த ஆஸ்பத்திரி?” என்று மட்டும் கேட்கிறார். பிறகு, கையில் அப்பிள் பை இல்லாமல், ஒரு சோடி நடைக்கம்போடு புறப்படுகிறார்.